வாரக்கடைசியில் வடசென்னையில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: ஜூலை 28, திங்கள்

தேனிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் அறை எடுத்துப் படிக்கிறேன். முதலாண்டு. சனி, ஞாயிறு லீவு. கோயில், மசூதி, சர்ச் எல்லாம் கலந்து கிடக்கிற பழைய ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. பாண்டிச்சேரியா, நாகூர் வேளாங்கண்ணியா என்று யோசிக்கிறேன். நான் இருக்கிற பக்கம் லாரி, துறைமுகம், புகை தவிர ஒன்றும் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 28, திங்கள், இரவு

பஸ் ஏற வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அடுத்த நிறுத்தமான மண்ணடியில் இறங்குங்கள். நீங்கள் கேட்கிற ஊர் அதுதான்.

நானும் வெளியூர்தான், தொண்டி. பி.காம். இரண்டாம் ஆண்டு, ராயபுரத்தில் விடுதி. புத்தகம் வாங்க, ஜெராக்ஸ் எடுக்க, ஊருக்குப் பார்சல் போட என்று பாரிமுனைக்குப் போய்ப் போய் அந்தத் தெருக்கள் பழக்கம். ஆனால் வேலை முடிந்ததும் திரும்பிவிடுவோம். இந்தச் சனி ஞாயிறு அதற்கென்றே அறைத்தோழியோடு போகிறேன். அவள் திருவாரூர். போய் வந்து எழுதுகிறேன்.

ஜூலை 30, புதன்

"சென்னைக்கே நானூறு வயது ஆகவில்லை, அதில் என்ன பழைய ஊர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மயிலாப்பூர், திருவொற்றியூர் எல்லாம் அதற்கும் பல நூறு ஆண்டுகள் மூத்தவை. அவற்றை விட்டுவிட்டு, மண்ணடியும் பாரிமுனையும் அடங்கிய ஜார்ஜ் டவுனை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கதை சின்னதில்லை.

1639 ஆகஸ்ட் 22-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கோட்டை எழுந்தது. கோட்டைக்கு வடக்கே நெசவாளர்கள், சாயம் போடுகிறவர்கள், துபாஷிகள் என்கிற மொழிபெயர்ப்பாளர்கள், வியாபாரிகள் வந்து குடியேறினார்கள். கம்பெனி அதைக் கறுப்பர் நகரம் என்றது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1749-இல் கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு, கோட்டையிலிருந்து சுடும்போது குறுக்கே வீடுகள் நிற்கக் கூடாது என்று பழைய கறுப்பர் நகரத்தையே இடித்துப் பொட்டல் ஆக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடம் அது. வடக்கே ஏற்கெனவே இருந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரம் ஆயின. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட 1911-இல் பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது.

நாம் நடக்கப்போவது அந்த இரண்டாவது ஊரில்.

ஆகஸ்ட் 2, சனி, இரவு

கால் கெஞ்சுகிறது. ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன், நாளைக்கு வைத்தால் கலந்துபோகும்.

காலையில் பூக்கடையில் தொடங்கினோம். பத்ரியன் தெருவில் காலடியில் ஈர இலையும் உதிர்ந்த சாமந்தியும். மொத்த வியாபாரம் பெரும்பாலும் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது என்றாலும் கூடைக்காரம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கேயே சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பட்டணம் கோயில் என்று சொல்வார்கள். இந்தக் கோயில் முதலில் உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில் இருந்தது. 1757-இல் கம்பெனி அதையும் இடித்தது. பதிலுக்கு இங்கே நிலம் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று புதிதாகக் கட்டினார்.

தோழி உள்ளே போனாள், நான் வெளியே பூக்காரம்மா பக்கத்தில் நின்றேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முஸ்லிம், அவள் இந்து. எந்த வாசலில் யார் எதுவரை போகலாம் என்பது நாள் முழுக்க எங்களுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. சில கோயில்களில் பலகை இருக்கும். பலகை இல்லாத இடத்திலும் எதுவரை என்று நமக்கே ஒரு கணக்குத் தெரியும். நல்லிணக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அடுத்தது ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். மாரிச் செட்டியாரும் கந்தப்ப ஆச்சாரியும் திருப்போரூரிலிருந்து கொண்டுவந்த முருகன் என்று தலவரலாறு. பேரிச் செட்டியார்கள் நிர்வாகம். வள்ளலார் சின்ன வயதில் பாடிய சந்நிதி. அவர் குடியிருந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருக்கிறது, நடந்தே போகலாம்.

அங்கிருந்து ஆண்டர்சன் தெரு வழியாக வந்தோம். இருபுறமும் காகிதம், கல்யாணப் பத்திரிகை. ஒரு கடை வாசலில் கணபதி போட்ட அட்டையும் பிறை போட்ட அட்டையும் சிலுவை போட்ட அட்டையும் ஒரே கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. தோழி படம் எடுக்கப் போனாள். கடைக்காரர், "மாடல் காப்பியடிக்கத்தானே?" என்று மறித்துவிட்டார். படம் இல்லை.

அப்புறம் அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியன் தெரு என்றும் சொல்கிறார்கள். கேள்வி கேட்டவரே, நேரம் இல்லை என்றால் இந்த ஒரு தெருவை மட்டுமாவது பாருங்கள். கலவைச் செட்டி கட்டிய கச்சாலீஸ்வரர் கோயில், ஆர்மீனியன் சர்ச், அந்தோணியார் கூட்டம் வருகிற மரியன்னை இணைப் பேராலயம் மூன்றும் இதே தெருவில். மீன்பாடி வண்டிகள் துணி மூட்டையோடு நடுவில் போய்க்கொண்டே இருக்கும்.

ஆர்மீனியன் சர்ச்சில்தான் அதிக நேரம் இருந்தோம். 1712-இல் முதலில் கட்டியது, 1772-இல் திரும்பக் கட்டியது. கதவைத் தாண்டினால் தெருச்சத்தம் பாதியாகிவிடுகிறது. முற்றத்தில், தாழ்வாரத்தில் எங்கு பார்த்தாலும் கல்லறைக் கற்கள், தரையோடு தரையாக. முந்நூற்றுச் சொச்சம் பேர் இங்கே அடங்கியிருக்கிறார்கள். எழுத்து ஒன்றும் படிக்க முடியாது, சில கற்களில் ஆண்டு மட்டும் புரியும். மிதிக்காமல் நடக்க முயன்றோம், முடியவில்லை. காவலாளி, "பரவாயில்லம்மா, எல்லாரும் இப்பிடித்தான் நடக்கிறாங்க" என்றார். தோழி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை முற்றத்தில் இருக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் இந்த ஊரில் அச்சடித்தவர். ஆர்மீனியாவில் இல்லை, கவனியுங்கள், இந்தத் தெருக்களுக்குள். பத்திரிகையின் பெயர் அஸ்தரார். அவர் 1824-இல் இறந்தார்.

மணிக்கூண்டு சர்ச்சோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஆறு மணிகள். ஞாயிறு காலையில் அடிப்பார்கள் என்று அதே காவலாளி சொன்னார். அதனால் நாளைய திட்டம் கொஞ்சம் மாறுகிறது.

மாலையில் தம்பு செட்டித் தெரு, காளிகாம்பாள். ஆடி மாதம், கேட்க வேண்டுமா, வரிசை தெருவுக்கே வந்துவிட்டது. கோட்டைப் பக்கம் இருந்து இங்கே வந்த அம்மன், விஸ்வகர்மா சமூகத்தார் கோயில். 1677-இல் சிவாஜி வந்து கும்பிட்டார் என்று கோயிலில் சொல்கிறார்கள். பாரதியார் வந்து போன கோயில் என்பதும் இங்கே எல்லோரும் சொல்வது. தோழி குங்குமத்தோடு வந்தாள், நான் அதுவரை எதிர்ச் சாரியில் ஒரு கடைப் படியில்.

அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மஃமூர் பள்ளிவாசலுக்குப் போனபோது மஃரிப், அதாவது மாலைத் தொழுகை நேரம். இப்போது அவள் படியில் நின்றாள், நானும் அவளோடே நின்றேன். தெருவே தொப்பிகளால் நிறைந்து, பத்து நிமிடத்தில் திரும்ப வியாபாரமாகிவிட்டது. பக்கத்தில் அத்தாவின் சிநேகிதர் ஒருவருக்கு இரும்புக்கடை. மாமா டீ வாங்கிக் கொடுத்து, "கீழக்கரை, காயல்பட்டினம், நம்ம ஊர், எல்லாரும் இங்கேதான்மா கடை போட்டாங்க. கடை இருக்கிற இடத்துலதானே அஞ்சு வேளையும் தொழணும்" என்றார். இந்தப் பேச்சை நாளைக்கோ மறுநாளோ திரும்ப எடுக்கிறேன்.

கடைசியாக பர்மா பஜார் பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட பஜார் அது. அத்தோ போடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளி பேசினில் போட்டு, நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே நாலு பிசை. கரண்டி கிடையாது. பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். எந்த வாசல் கணக்கும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்றது அந்தத் தள்ளுவண்டி முன்னால்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, இரவு

முதலில் மணி. காலையில் போனபோது அரண்மனைக்காரன் தெரு காலி. நேற்று தோள் இடிபட நடந்த இடத்தில் ஷட்டர்களும் நாய்களும் மட்டும். அந்த வெறுமையில் மணி அடித்தால் தெருமுனை வரை கேட்கிறது. பூசை கிடையாது, வரக் குடும்பங்கள் இல்லை. கல்கத்தாவில் இருக்கிற ஆர்மீனியர்களின் சர்ச் குழுதான் இதைப் பராமரிக்கிறது. மணி மட்டும் நிற்கவில்லை.

இன்று ராயபுரம். ஆடிப்பெருக்கு வேறு. தெருவுக்குத் தெரு பந்தல், ஸ்பீக்கர், அண்டா அண்டாவாகக் கூழ். ஒரு சந்தில் அக்கா ஒருவர் எங்கள் இருவர் கையிலும் சொம்பைத் திணித்து, "வெங்காயம் கடிச்சிக்கோ, கருவாட்டுக் கொழம்பு தீந்துபோச்சு" என்று வருத்தப்பட்டார். நான் முக்காடு போட்டிருந்தேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

ராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு ஆலயம், படகுக்காரர்கள் கட்டியது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மெட்ராஸுக்கு ரொம்பக் காலம் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தது மசுலா படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கவர்னரே வந்தாலும் அந்தப் படகில்தான் கரையேற வேண்டும். படகோட்டிய குருகுல வம்ச பரதவர்கள் 1820-களில் தங்கள் உழைப்புக் காசில் எழுப்பிய கோயில் இது. பிறகு துறைமுகம் வந்தது, படகு வேலை போனது. கோயில் நிற்கிறது. நானும் கடற்கரை ஊர்ப் பெண். படகுக்காரர்கள் கட்டிய கோயில் என்று கேட்டதும் உள்ளே உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க மனமில்லை.

மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்கினி ஆலயம். தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். மகன் ஜால் நினைவாக பிரோஜ் கிளப்வாலா கட்டிக் கொடுத்தது, 1910. வாசலோடு சரி, இரண்டு பேருமே வெளியே. சமூக சேவைக்குப் பேர் போன மேரி கிளப்வாலா ஜாதவ் இந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1952-இல் மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவர்தான்.

நேற்று இரவு போனில் சொன்னபோது அத்தா கேட்டது ஒன்றே ஒன்று: "மஸ்தான் சாகிபு தர்காவுக்குப் போனியாம்மா? அவுக நம்ம ஊர்ப்பக்கம்." குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, ஊர் ஊராகத் திரிந்து, இந்தப் பகுதிக்கு வந்து தங்கி 1838-இல் மறைந்தவர். தொண்டியார் இருந்ததால்தான் தொண்டியார்பேட்டை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தாயுமானவர் பாடியதுபோல் பாடிய சூஃபி. அவர் மேல் நான்மணிமாலை பாடியவர் சரவணப்பெருமாள் ஐயர். சீடர்களில் முதலியார், பிள்ளை எல்லாம் உண்டு. தர்கா சந்துக்குள் சின்னதாக இருக்கிறது. நான் ஓதினேன், தோழி கண்ணை மூடி நின்றாள். வெளியே வந்து, "எங்க தாத்தா நாகூர் போனா இப்படித்தான் நிப்பார்" என்றாள்.

அண்ணா பூங்கா, பழைய ராபின்சன் பூங்கா, வழியில் வந்தது. 1949 செப்டம்பரில் மழையில் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். சாமி வேண்டாம் என்று சொன்னவர்களும் இதே ராயபுரத்தில் மேடை போட்டிருக்கிறார்கள். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாலை மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. அதற்கே தனியாக எழுத வேண்டும். விடுதி கேட் மூடும் நேரம், இப்போது முடியாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேட்டவருக்கு: இல்லை, பார்சி அல்லாதவர்கள் அக்கினி ஆலயத்துக்குள் போக முடியாது. கெஞ்சிப் பார்க்க வேண்டாம். அவர்கள் வழக்கம் அது, எதிர்ச் சாரியில் நின்று முகப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆர்மீனியன் சர்ச் கத்தோலிக்கக் கோயில் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது ஆர்மீனியர்களின் தனித் திருச்சபை, போப்பின் கீழ் வராது. கத்தோலிக்கம் என்றால் அதே தெருவில் இருக்கிற மரியன்னை பேராலயம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வகுப்பு முடிந்து மறுபடி அரண்மனைக்காரன் தெரு. மரியன்னை பேராலயத்தில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். சனிக்கிழமை பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. மெழுகுவத்தி, பூமாலை, உப்பு மிளகு, வேண்டுதல் சீட்டு. நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவர்கள்தான் அதிகம், புர்கா போட்ட அம்மா ஒருவரும் இருந்தார். மார்க்கெட் வேலையை முடித்துவிட்டு அப்படியே கூடையோடு வந்தவர்கள். ஒரு பாட்டி என்னிடம் பேனா வாங்கி, எழுத வராது என்று என்னையே எழுதச் சொன்னார். பேரனுக்கு வேலை. எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

திருவொற்றியூர் பாக்கி.

தியாகராஜர், ஆதிபுரீஸ்வரர், வடிவுடையம்மன். ஆதிபுரீஸ்வரர் வருடம் முழுவதும் கவசத்துக்குள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் எடுப்பார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், சுந்தரர் மகிழ மரத்தடியில் சங்கிலியாரை மணந்த தலம். முதலாம் ராஜேந்திரன் காலக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். ஜார்ஜ் டவுன் இல்லாத காலத்தில் இந்தப் பக்கத்தின் ஊர் இதுதான்.

பி.காம். படிப்பதாலோ என்னவோ, எனக்கு இரண்டு பேர் மனதில் நின்றார்கள். ஒருவர் கலிய நாயனார், இந்த ஊர்ச் செக்கு வாணியர். வியாபாரம் நொடித்துப் போய், விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் தன் ரத்தத்தால் எரிக்கத் துணிந்தவர். இன்னொருவர் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம், காதற்ற ஊசி, துறவு, கடைசியில் இங்கே. ஒருவர் கடையை இழந்தார், ஒருவர் கடையை விட்டார். இரண்டும் இந்தக் கரையில்.

தேரடிக்கு முன்னால் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு. அங்கேயும் ஒரு பெருமாள் கோயில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

"மத நல்லிணக்கத்தின் தொட்டில், அன்று எல்லோரும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தார்கள்" என்று ஒருவர் உருகியிருக்கிறார். எனக்கு இது ஒப்பவில்லை. அடித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

1680-இல் காசி வீரண்ணா இறந்தார். கம்பெனியின் தலைமை வியாபாரி, கோல்கொண்டாப் பக்கம் செல்வாக்கு, ஹசன் கான் என்று இன்னொரு பெயர், கறுப்பர் நகரத்தில் பள்ளிவாசல் கட்டிக் கொடுத்தவர். உடலைப் புதைப்பதா எரிப்பதா என்று சண்டை வந்து, கவர்னர் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் தலையிட்டு எரிக்கச் சொன்னார். 1707-இல் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாக இருந்த சாதிகளுக்குள் எந்தத் தெருவில் யார் இருப்பது, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று தகராறு முற்றி, கவர்னர் பிட் தெருக்களையே பிரிக்க வேண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போனதும், கத்தோலிக்கர்கள் அவர்களுக்குத் துணைபோனார்கள் என்று சொல்லி, கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோயிலைக் கம்பெனி இடித்தது. ஆர்மீனியர்கள் மேலும் அதே சந்தேகம். பட்டணம் கோயிலை இடித்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் ஊர் ஏன் கலைந்துபோகவில்லை? இரும்புக்கடை மாமா சொன்னதுதான் என் பதில். தொழில். துணிக்கும் ரத்தினத்துக்கும் ஆர்மீனியர் வந்தார்கள், பவளத்துக்கும் வைரத்துக்கும் யூதர் வந்தார்கள், படகுக்குப் பரதவர், நகைக்கும் இரும்புக்கும் ஆச்சாரிகள், வட்டிக்கும் துணிக்கும் தங்கசாலைத் தெருவுக்கு மார்வாடிகளும் குஜராத்திகளும். வந்தவர்கள் தங்கள் சாமியையும் கூட்டிவந்தார்கள். அடுத்த கடைக்காரன் சாமி பிடிக்காவிட்டாலும் அவனோடு வியாபாரம் செய்தாக வேண்டும். இதில் அன்பு இல்லை என்று சொல்லவில்லை. கூழ் கொடுத்த அக்காவை நான் பார்த்தேன். ஆனால் அன்பு வருவதற்கு முன்பே பல தலைமுறை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேலே எழுதியதையே இரண்டு நாளாக யோசிக்கிறேன். தொழில் என்ற கணக்கில் ஆர்மீனியன் சர்ச் சரியாக அடங்குகிறது. வியாபாரம் போனது, ஆட்கள் போனார்கள், கல் இருக்கிறது. ஆனால் நாலு கட்டடம் தள்ளி அந்தோணியார் கோயில் அடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிற யாருக்கும் அந்தத் தெருவில் கடை இல்லை. பேரனுக்கு வேலை வேண்டும், மகளுக்குக் குழந்தை வேண்டும் என்று கொருக்குப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வருகிறார்கள். கட்டடங்கள் எழுந்ததற்குத்தான் தொழில் காரணம், இன்றைக்கு அவற்றை நிரப்புவது வேறு. மஸ்தான் சாகிபு தர்காவும் அப்படித்தான். அவரிடம் என்ன தொழில் இருந்தது?

தோழி சொல்வது வேறு. "வேண்டுதலும் வேலைக்குத்தானேடி, பாட்டி சீட்டுல என்ன எழுதின?" என்கிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

யூதர்கள் பற்றி நான் ஒரு வரியில் தாண்டிவிட்டேன், இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது. மத்தியதரைக்கடல் பவளம் உள்ளே வரும், கோல்கொண்டா வைரம் வெளியே போகும். அந்த வியாபாரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசிய மூலமுள்ள யூத வணிகர்கள். அவர்களில் ஜாக் தெ பைவா 1687-இல் இறந்தார். 1688-இல் மெட்ராஸ் மாநகராட்சி அமைந்தபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி அவை உறுப்பினர்களில், மூன்று பேர் யூதர்கள். அதே அவையில் உட்கார்ந்த ஆலங்காத்தா பிள்ளைதான் தங்கசாலைத் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டியவர். ஒரே மேசையில் வைர வியாபாரியும் சிவன் கோயில் கட்டியவரும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, நிஜமாகவே.

இன்று பவளக்காரத் தெருவில் யூதர்களின் அடையாளம் எதுவும் கிடைக்காது. நகரத்தார் விடுதியைப் பார்க்கலாம். வைரம் போன பிறகு அந்தத் தெரு செட்டியார்களுக்கு வந்தது. யூதர்களின் கல்லறைகள் இப்போது லாயிட்ஸ் சாலைப் பக்கம், ஊருக்குத் தெற்கே. அதைப் பார்க்கத் தனியாகப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திரும்பத் திரும்பக் கேட்பதால் நடைமுறை விவரம்.

சனிக்கிழமையை ஜார்ஜ் டவுனுக்கு வையுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், கட்டடங்களின் மேல்மாடி, மரச் சன்னல், பழைய பலகை எல்லாம் அன்றுதான் கண்ணில் படும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது உண்மைதான், படம் எடுப்பவர்களுக்கு ஞாயிறு நல்லது. ஆனால் முதல்முறை போகிறவர் கூட்டத்தில் போக வேண்டும். கூட்டம் இல்லாத ஜார்ஜ் டவுனைப் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. ஞாயிறு ராயபுரம், திருவொற்றியூர்.

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தை சர்ச்சுகளுக்கும் சாப்பாட்டுக்கும் வையுங்கள். ஆர்மீனியன் சர்ச்சுக்கு முற்பகலே நல்லது. தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வாசலை மறித்து நிற்க வேண்டாம். குடையும் தண்ணீரும் கட்டாயம், நிழல் குறைவு. வண்டி எடுத்துவராதீர்கள், நிறுத்த இடம் கிடையாது.

நாகூர், வேளாங்கண்ணி போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாகூரின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்து, அதன் மிச்சத்தை 1867-இல் இடித்துத் தள்ளினார்கள். பார்க்க வேண்டிய ஊர்தான். அதற்கு நீண்ட விடுமுறை வேண்டும், பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். சந்தோஷம். ஆர்மீனியன் சர்ச் பூட்டியிருந்தது என்கிறார். பிற்பகலில் போயிருக்கிறார், காலையில் இன்னொரு முறை போகட்டும். அத்தோ பிடித்ததாம். பட்டணம் கோயிலை இடித்ததைப் பற்றி அவர் வகுப்பில் பேசப்போகிறாராம். பேசும்போது மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பெயரை விட்டுவிடாதீர்கள்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி பழவேற்காடு. வடக்கே, பொன்னேரி வழியாக. டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய ஊர், அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது, மரைக்காயர் பள்ளிவாசல், பெருமாள் கோயில், மாதா கோயில் எல்லாம் உண்டு. உள்தேர்வு முடிந்ததும் நானும் தோழியும் போகிறோம். சேர்ந்து வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள். பெண்கள் வருவதானால் விடுதியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே. காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுவதுதான் திட்டம். ஏரியில் படகு இந்தமுறை வேண்டாம்.